இறுக்கிப் பின்னிய ஜடை

சித்திரை வெயிலில் பரமத்தி வேலூரே கொதித்தது. பக்கத்து வீட்டுப் புதுமனை புகுவிழாவில் சாப்பிட்டுவிட்டுப் பந்தலில் உட்கார்ந்த பெண்களுக்கெல்லாம் தனப்பிரியாவின் மகள் நிவிதாவின் தலையைப் பற்றித்தான் பேச்சு. நெற்றியிலிருந்தே தலையோடு ஒட்டிப் பின்னிய இரண்டு பிரெஞ்ச் ஜடைகள். ஒரு முடி பிசிறவில்லை.

“கழுத்துல ஒரு முடி தொங்கல பாரு, வேர்வைக்கு எத்தன சௌகரியம்! தனம், புள்ளைக்குப் பொறுமையாப் பின்னி உட்டுருக்கே,” என்றாள் பக்கத்து வீட்டு சரளா.

தனப்பிரியா சிரித்து வைத்தாள்.

“உங்கம்மா மாதிரி யாருக்குக் கெடைக்கும் கண்ணு?” என்று சரளா நிவிதாவிடம் திரும்பினாள்.

“ஆமாங்க அத்தை,” என்றாள் எட்டு வயது நிவிதா.

“எம் புள்ளைக்கும் போடோணும். ஒரு பக்கம் அவுத்துக் காட்டு சாமி, பாத்துக்கறேன்.”

நிவிதா சட்டென்று இடது காதுக்கு மேலே கையால் பொத்திக்கொண்டாள். “வேண்டாங்க அத்தை. வெயிலுக்குன்னு அம்மா கஷ்டப்பட்டுப் போட்டது.”

அதற்கு மேல் தனப்பிரியாவால் தாங்க முடியவில்லை.

“வெயிலுக்கு இல்லீங்க்கா. முந்தாநாள் சிக்கெடுக்கறப்ப அழுதாள்னு, கோவத்துல கத்திரியெடுத்து ஒரு கொத்து முடிய அடியோட வெட்டிப்போட்டேன். அது வெளிய தெரியக் கூடாதுன்னுதான் இந்தப் பின்னல்.”

சரளா கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்துக்கொண்டாள்.

நிவிதாவின் கண்கள் நிறைந்துவிட்டன.

“ஏம்மா சொன்ன?” என்றாள் மெதுவாக. “நான் அப்பாகிட்டக்கூடச் சொல்லலியே!”