ஆணி வரிசை

ஓட்டுக் கூரைக்கு அடியில் பாதியில் நின்றுபோன மச்சு ஒன்று இருந்தது. அதற்குத் தரை கிடையாது, இடைவெளி விட்டு உத்தரங்கள் மட்டும்தான். அங்கே குடியிருந்த சாம்பல் பூனை உத்தரத்தின் மேலேயே நடந்து பழகியிருந்தது.

ஒருநாள் தச்சர்கள் வந்து உத்தரங்களின் மேல் பலகை பரப்பி ஆணி அடித்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகும் பூனை ஆணி வரிசையைப் பார்த்துப் பார்த்துத்தான் நடந்தது. ஆணி இருந்தால் அடியில் உத்தரம் இருக்கும் அல்லவா?

மத்தியானம் கண்ணாடி ஓட்டின் வழியே வெயில் இறங்கி ஒரு பலகையின் நடுவில் தேங்கியது. பூனையின் ஒரே குட்டி அதில் போய்ப் படுத்துக்கொண்டது.

"ஐயோ, அங்க அடியில ஒண்ணுமில்லடா! விழுந்துடுவே, வா!"

"கதகதன்னு இருக்கும்மா" என்று குட்டி கண்ணை மூடிக்கொண்டது.

"நான் தாங்குவேன் அக்கா. நீங்களும் வாங்க" என்றது பலகை.

"நேத்து வந்தவ நீ, பேசாதே. போன ஈத்துல ஒண்ணு அந்த இடத்துலதான் கீழே விழுந்து செத்துச்சு."



பூனை ஆணி வரிசையின் மேல் நீளமாகப் படுத்தது. முன்காலை எட்டும்வரை நீட்டிக் குட்டியின் வாலை அழுத்திப் பிடித்துக்கொண்டது. வெயில் மெல்ல நகர்ந்தது. குட்டி கனவில் எதையோ துரத்தியது.

ஆணி அடித்திருந்ததும் அதே பலகையில்தான். தாயும் பிள்ளையும் தன் மேல்தான் படுத்திருக்கிறார்கள் என்று பலகைக்குத் தெரியும். சொன்னால் அக்கா பயந்து எழுந்துவிடுவாள் என்று, அது கிறீச்சிடாமல் கிடந்தது.