நாலு மணி ஸ்பூன்

"சாக்லேட்டா?"

டாக்டர் ரக்ஷா ஸ்டெதஸ்கோப்பைக் காதிலிருந்து பிடுங்கினாள். மேஜைமேல் கிடந்த பூரி என்கிற கிழட்டு லாப்ரடார், பேச்சு தன்னைப் பற்றித்தான் என்று தெரிந்து வாலை ஒருமுறை ஆட்டியது. காலையிலிருந்து ஓங்கரித்துக்கொண்டே இருக்கிறது. எதுவும் வெளியே வரவில்லை.

"ஆமா டாக்டர்," என்றாள் வனஜா. "மூட்டுவலி மாத்திரையை வெறுமே குடுத்தா துப்பிடுதுன்னு, இவர்தான் சாக்லேட் பீனட் பட்டர்ல பொதிஞ்சு குடுக்கிறார். தினம் நாலு மணிக்கு. எனக்குக்கூட இப்படிப் பார்த்துப் பார்த்துச் செஞ்சதில்லை."

அவள் கணவர் ரங்கநாதன், சுவரில் ஒட்டியிருந்த தடுப்பூசி அட்டவணையை அக்கறையாகப் படிக்க ஆரம்பித்தார்.

"சாக்லேட் நாய்க்கு விஷம் ஆன்ட்டி! எவ்வளவு நாளா?"

"ஆறு மாசமா."

"தேவரே!" டாக்டர் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். "ஒரு டப்பா எத்தனை நாள் வரும்?"

"ஒரு வாரம் வரும்."

டாக்டர் பூரியை மருத்துவ அதிசயம்போலப் பார்த்தாள். "சின்னப்பா, ஊசி எடுத்துட்டு வாங்க" என்று உள்ளேயிருந்த உதவியாளருக்குக் குரல் கொடுத்தாள். "மயக்கம் குடுத்து வயித்தைக் கழுவணும் அங்கிள். பன்னிரண்டு வயசு நாய். திரும்ப முழிக்கும்னு என்னால சொல்ல முடியாது. இங்கே கையெழுத்துப் போடுங்க."

முப்பத்திரண்டு வருஷம் அரசாங்க உத்தியோகத்தில் படிக்காமலே கையெழுத்துப் போட்ட கை. இப்போது நகரவில்லை.

பக்கத்தில் வனஜா நின்றிருந்தாள். அவருடைய சர்க்கரை முந்நூறைத் தொட்ட அன்று, அது இறங்குகிறவரை தானும் இனிப்பைத் தொடுவதில்லை என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டவள். இரண்டு வருஷமாயிற்று. தங்கை மகள் கல்யாணத்தில் இலையில் விழுந்த ஜாங்கிரியை ஊர் பார்க்க ஓரம் தள்ளினாள். ஒக்கலிபுரத்திலிருந்து ஆனேக்கல்வரை இருக்கிற சொந்தக்காரர்கள், அவரைப் பார்க்கும்போதெல்லாம் முதலில் அந்த ஜாங்கிரியைத்தான் விசாரித்தார்கள்.

பூரி அவர் கையை நக்கியது.

"நாய் சாப்பிடலைம்மா" என்றார்.

"என்னது?"

"மாத்திரையை இட்லித் துண்டுல வெச்சாலே லபக்குனு முழுங்கிடும். அந்த டப்பா... எனக்கு."

வனஜா பூரியின் காதைத் தடவிக்கொண்டிருந்தாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவருக்கு.

"நாயைக் காப்பாத்தறதுக்காகப் பொய் சொல்லாதீங்க அங்கிள். ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுவீங்க?"

"ஒரு ஸ்பூன். சத்தியமா ஒரே ஸ்பூன்."

"அப்போ டப்பா மூணு வாரம் வரணுமே. ஒரு வாரத்துல தீருதுன்னா மிச்சம் எங்கே? இதோ, இது வயித்துக்குள்ளே."

அவருக்கும் அது ரொம்ப நாள் புதிர்தான். வயதாக ஆக ஸ்பூன் பெரிதாகிக்கொண்டு போகிறது என்று நினைத்திருந்தார்.

தலை நரைத்த சின்னப்பா ஊசியோடு வந்தார்.

"வேண்டாம்" என்றாள் வனஜா.

"லேட் பண்ணக் கூடாது ஆன்ட்டி."

"வயித்தைக் கழுவித்தான் ஆகணும்னா என்னுதைக் கழுவுங்க." புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். "ரெண்டு மணிக்கு இவர் தூங்குவார்."

சின்னப்பா ஊசியைப் பார்த்தார். வனஜாவைப் பார்த்தார். பிறகு விவரம் தெரிந்த மனிதராகக் கூரையைப் பார்த்தார்.

அப்போதுதான் பூரி உடம்பை ஒரு உலுக்கு உலுக்கி, ரங்கநாதனுடைய குரங்குக் குல்லாயின் உச்சியிலிருந்த கம்பளிக் குஞ்சத்தைத் தரையில் கக்கியது. ஐந்து நிமிஷம் முன்னால் கக்கியிருந்தால் ஒரு குடும்பத்தின் மானம் மிஞ்சியிருக்கும். கக்கிவிட்டு, பாராட்டுக்காகச் சுற்றிலும் பார்த்தது.

ஆட்டோ ஹெப்பகோடி சிக்னலில் நின்றது.

"பெருமாள்கிட்ட என்ன சொல்லப்போறே?" என்றார் ரங்கநாதன்.

"லட்டு, ஜாங்கிரி, பாயசம்னு பேர் சொல்லித்தான் வேண்டிக்கிட்டேன். இது லிஸ்ட்ல இல்லை." வனஜா வெளியே பார்த்துக்கொண்டாள். "நீங்க உங்க சுகரைப் பாருங்க."

நாலு மணிக்கு வனஜா இட்லித் துண்டில் மாத்திரையைச் செருகி பூரிக்கு நீட்டினாள். லபக்.

ரங்கநாதன் அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தார். டிராயரைத் திறந்து ஒரு ஸ்பூன் எடுத்தார். கொஞ்சம் துழாவி இன்னொன்றும் எடுத்தார். பெரியதை அவள் பக்கம் வைத்தார்.