பச்சைக் கம்பி போன இடம்

மேற்கே இடி உறுமியதும் மொட்டைமாடியிலிருந்த சோலார் பலகைக்கு உதறல் எடுத்தது. தன் சட்டத்தில் முடுக்கியிருந்த பச்சை எர்த் கம்பியிடம், "தம்பி, என்மேல் மின்னல் விழுந்தால் பூமிக்குள் இறக்கிவிடுவாய்தானே?" என்று கேட்டது.

"என் மறுமுனை நல்ல ஈரமண்ணில் முழங்கை ஆழம் புதைந்திருக்கிறது, அக்கா. எர்த் கம்பி மண்ணுக்குள் போக வேண்டும், சாஸ்திரம் அவ்வளவுதான்; மண் என்றால் மண்" என்றது கம்பி.

பலகைக்கு மூச்சு வந்தது. பிறகுதான், மாடியில் ஏது மண் என்று உறைத்தது. கம்பி போன வழியைக் கண்ணால் தொடர்ந்தது. கைப்பிடிச் சுவரோரம், செம்பருத்தி நின்ற பிளாஸ்டிக் தொட்டிக்குள் அது முடிந்திருந்தது.

"செம்பருத்தி, உன் மண் எவ்வளவு ஆழம்?"

"நானும் இதைப் பூமி என்று நம்பித்தான் வேர்விட்டேன், அக்கா. போன மாதம் அடியில் முட்டிக்கொண்டேன்."

அடுத்த இடி பக்கத்துத் தெருவில் கேட்டது.