பழைய பதிப்பு

டாலஸ் குடியுரிமை அலுவலகத்தில், தேர்வறையிலிருந்து மகள் வரக் காத்திருந்த தணிகாசலத்துக்குத் துளிகூடப் பதற்றமில்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவர்களின் பிள்ளைகள் பதினெட்டு வயதில் அமெரிக்க வரலாற்றுத் தேர்வு எழுதியாக வேண்டும் என்று சட்டம் வந்த அன்றே, தான் குடியுரிமை வாங்குவதற்கு உருப்போட்ட புத்தகத்தைத் தூசி தட்டி எடுத்துவிட்டார். புதுப் பதிப்பு வாங்கலாமே என்ற மனைவி பூங்கோதையை, "வரலாறு என்ன மாறவா போவுது?" என்று கேட்டு வாயடைக்க வைத்தார். சுதந்திரப் பிரகடனம், அடிமைமுறை ஒழிப்பு, பெண்களின் வாக்குரிமை என எல்லாவற்றையும், திண்டிவனம் பள்ளியில் தான் ஒப்பித்ததைப் போலவே, ஓர் எழுத்து பிசகாமல் மகளை ஒப்பிக்க வைத்தார்.

யாழினி வெளியே வந்தாள். "ஒரே ஒரு கேள்விதான் தப்புப்பா. ஆனா அது தப்பானா மொத்தமும் ஃபெயிலாம்."

"எந்தக் கேள்வி?"

"இந்த நாட்டுல பொறந்தவங்க எல்லாரும் யாருன்னு கேட்டாங்க. குடிமக்கள்னு எழுதினேன். உங்க புக்ல சிவப்பு மையில கோடு போட்டிருந்தீங்களே, அதேதான். போன வருஷமே அந்தப் பதிலை மாத்திட்டாங்களாம்."

அந்தப் பதிலைச் சொல்லித்தான் திண்டிவனத்தில் பிறந்த அவர் அமெரிக்கர் ஆகியிருந்தார்.

அதிகாரி ஒரு படிவத்தை நீட்டினார். தேர்வில் தவறியவரைத் திருப்பி அனுப்ப வேண்டிய ஊர் என்ற இடத்தில், மகள் பிறந்த டாலஸை எழுத வழியில்லை. தணிகாசலம் தன் ஊரை எழுதினார்.

யாழினி எட்டிப் பார்த்தாள்.

"அங்க என்னை யாருக்குப்பா தெரியும்?"