பன்னிரண்டு இஞ்ச் ஸ்பீக்கர்

"பன்னிரண்டு இஞ்ச் சார். அதுல ஒரு இஞ்ச் குறைஞ்சாலும் வேணாம்."

நாகமுத்து இதோடு மூன்றாவது தடவை சொல்லிவிட்டான்.

தீவிலிருந்து மெயின்லேண்ட் கப்பல் ஏறுகிறவர் கையில் ஹேடோ குவார்ட்டர்ஸே ஆளுக்கொரு சீட்டைத் திணிக்கும். ஒருத்தருக்குப் புளி, இன்னொருத்தருக்குப் பாவாடைத் துணி. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகக் கிடைக்கிற லீவு, அந்தச் சுட்டியில் பாதி இந்தச் சீட்டுகளுக்கே போய்விடுகிறது என்று பாலசுப்பிரமணியம் அலுத்துக்கொள்வார். ஆனாலும் யார் சீட்டையும் அவர் தட்டியதில்லை. இந்த வருஷம் பக்கத்து வீட்டு நாகமுத்து தன் ரேடியோவுக்குத் தனி ஸ்பீக்கர் கேட்கிறான்.

"சின்னதா ரெண்டு வாங்கினா பாட்டு தெளிவா கேக்குமேப்பா?"

"தெளிவு வேணாம் சார். அடிச் சத்தம் கனமா வரணும், பஸ், அவ்வளவுதான். எண்பது ரூபாய்க்குள்ள எது கிடைச்சாலும் டீக் ஹை. பெட்டி நானே செஞ்சுட்டேன்."

செய்துதான் வைத்திருந்தான். துறைமுகத்தில் தச்சு வேலை. கழித்துப்போட்ட படாக் மரத் துண்டுகளை இழைத்து, இடுப்பு உயரத்துக்கு ஒரு பெட்டி. அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வட்டமாக ஓர் ஓட்டை.

அந்த ஓட்டை தன் வீட்டுப் பக்கம் திரும்பியிருந்ததுதான் பாலசுப்பிரமணியத்துக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒரே ஒரு பலகைச் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் காலண்டர் ஆடும்.

"வாய் ஏன் எங்க வீட்டைப் பார்த்து இருக்கு?"

"அப்படித்தான் சார் வைக்கணும்" என்று சிரித்தான்.

திமிரைப் பார் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

அவர் சங்கீத ரசிகர். பாடுகிறவர் சுருதியில் ஓர் இழை விலகினாலும் ரேடியோவை அணைத்துவிடுவார். அதையும் சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பதுதான் ரசனை என்பது அவர் கொள்கை. தன் காதைப் பற்றி அவருக்கு அத்தனை பெருமை.

மெட்ராஸில் கடைக்காரர் பன்னிரண்டு இஞ்சை மாட்டி ஓடவிட்டுக் காட்டினார். பாட்டு என்னவோ போர்வைக்குள்ளிருந்து முனகியது. மிருதங்கத்தின் ஒவ்வொரு அடிக்கும் மேஜையே அதிர்ந்தது.

"இந்த விலைக்கு இவ்வளவு கனம் எங்கயும் கிடைக்காது சார். கட்டிடவா?"

"வேணாம். அஞ்சு இஞ்ச்ல ரெண்டு குடுங்க."

நல்ல சங்கீதம் கேட்டுப் பழகட்டுமே, அவனுக்கு நன்மைதானே செய்கிறோம் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டார். திரும்பி வந்த கப்பலில் நான்கு நாளும் நிம்மதியாகத் தூங்கினார்.

"பன்னிரண்டு இஞ்ச் மெட்ராஸ்லயே இல்லப்பா" என்றார், கூசாமல்.

நாகமுத்து அந்தச் சின்ன ஸ்பீக்கர்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவன் மனைவி பூங்கோதையின் முகம் சட்டென்று வாடிப்போனது.

"கோயி பாத் நஹி சார், பரவாயில்ல. நீங்க என்ன பண்ணுவீங்க, பாவம்."

அன்றைக்கு எதிரே உட்கார்ந்து பரிமாறிய மனைவி இந்திராணி கேட்டாள்.

"பெரிய ஸ்பீக்கர் கிடைக்கலையாமே?"

"கிடைக்காம என்ன? கடையில அடுக்கி வெச்சிருந்தான். நான்தான் வாங்கல. நம்ம சுவர் தப்பிச்சுது!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. ரசத்தை ஊற்றிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். புருஷனின் சாமர்த்தியத்தை மெச்சக்கூடத் தெரியவில்லை என்று அவருக்கு வருத்தம்.

அடுத்த மாதமே நாகமுத்துவுக்கு மாற்றல் வந்தது. தெற்குக் கோடியில், கேம்பல் பேயில் புதிதாகக் குடியேறுகிறவர்களுக்கு வீடு கட்டத் தச்சர்கள் வேண்டுமாம். புருஷனும் பெண்டாட்டியும் கப்பல் துறைக்கு வழியனுப்பப் போனார்கள். நாகமுத்து சாமான்களோடு ஏறிவிட்டான். இந்திராணி அவன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். பின்னால் பூங்கோதையும் பாலசுப்பிரமணியமும்.

அவருக்கு மனசு உறுத்தியது. பத்து வருஷமாக ஒட்டிக் குடியிருந்தவர்களைப் பொய்யோடு அனுப்புவதா?

"அந்த ஸ்பீக்கர் விஷயத்துல நான் உண்மை சொல்லலம்மா. சத்தத்துக்குப் பயந்து வாங்காம வந்துட்டேன். மனசுல வெச்சுக்காத. அடுத்த சுட்டியில கண்டிப்பா வாங்கி அனுப்பிடறேன்."

"தெரியும் சார். அக்கா அன்னிக்கே சொல்லி அழுதாங்க. எங்களுக்கு அனுப்பி என்ன சார் பண்றது? அது அக்காவுக்காகக் கேட்டது."

"இந்திராணிக்கா?"

"எனக்குப் பிரசவமானப்போ நாற்பது நாள் கஞ்சி வெச்சுக் குடுத்தவங்க. அவங்களுக்கு ஏதாவது செய்யணும்னுதான் இவரு பெட்டியே செஞ்சாரு. பாட்டு காதுல விழுறதில்ல, கனமா அடிச்சா மிருதங்கமாவது நடுச் சுவர்ப் பலகையில சாஞ்சு கேட்டுக்குவேன்னாங்க."

பாலசுப்பிரமணியம் அப்படியே நின்றுவிட்டார். முப்பது வருஷம் கூடவே இருந்தவள்.

"காது கேக்கலையா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையேம்மா!"

பூங்கோதை கப்பல் படியில் கால் வைத்தபடி திரும்பினாள்.

"ஒரு பேச்சை ரெண்டு தரம் சொல்ல வெச்சா உங்களுக்கு எரிச்சல் வருமாம். அதான் சார், மூணு வருஷமா உங்க உதட்டைப் பார்த்தே பதில் சொல்லிட்டிருக்காங்க."