ஓகுன் சாட்சி

“பைபிள் மேல சத்தியம் பண்ணியாச்சு, குர்ஆன் மேல பண்ணியாச்சு. ஒருத்தரும் சிக்கல. கடவுள் மன்னிச்சுடுவாருங்கிற தைரியம்! நாளைக்கு ஓகுன் முன்னாடி பண்ணுங்க, பாக்கலாம்.”

முதலாளி ஓயின்லோலா போட்ட போட்டில் ஆபீஸே கப்சிப். அங்கே வேலை பார்க்கும் மொரெனிகே குனிந்து கீபோர்டைத் துடைக்க ஆரம்பித்தாள்.

ஓகுன் இரும்புக்குச் சாமி. கத்தி, கார், கம்ப்யூட்டர் எல்லாம் அவர் ராஜ்ஜியம். இரும்பில் உதடு வைத்துப் பொய் சொன்னவனை இரும்பே காவு வாங்கும். லாகோஸில் ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர்கள் கூட, “அதெல்லாம் அந்தக் காலம்” என்பார்கள். இரும்பைத் தொட்டுச் சத்தியம் பண்ணச் சொல்லிப் பாருங்கள், பத்தடி தள்ளி நிற்பார்கள்.

விஷயம் இதுதான். யாரோ சர்வர் அறையில் பிளக்கைப் பிடுங்க, பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் கணக்கு விவரங்கள் அத்தனையும் போயே போய்விட்டன.

அந்த ‘யாரோ’ மொரெனிகேதான். அன்றைக்குக் கரண்ட் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. இன்வர்ட்டர் உயிரோடு இருந்தது சர்வர் அறையில் மட்டும்தான். நூடுல்ஸுக்கு வெந்நீர் போட எண்ணி, சும்மா இருக்கும் பிளக் என்று ஒன்றைப் பிடுங்கிவிட்டுக் கெட்டிலைச் செருகினாள். பசி, வேறொன்றுமில்லை.

“ஆள் யாருன்னு தெரியட்டும், வேலையும் போகும், போலீசும் வரும்” என்று முதலாளி கத்திய பிறகு எந்த வாயால் உண்மையைச் சொல்வது?

“ஓகுன்டேலே! உங்க சாமி இரும்பை எடுத்துட்டு வாங்க.”

“கொண்டு வரேன் சார்” என்றார் ஓகுன்டேலே.

அவர்தான் சர்வர்களுக்குப் பொறுப்பான எஞ்சினியர். புது மெஷின் வந்தால் ரெண்டு சொட்டு ஜின் தெளிக்காமல் ஸ்விட்ச் போடமாட்டார். ‘பூசாரி எஞ்சினியர்’ என்றுதான் ஆபீஸில் பெயர். கிண்டல் செய்தால் சிரித்துவிட்டுப் போகிற மனுஷன், இதற்கு மட்டும் மாட்டேன் என்று சொல்லியிருக்கக் கூடாதா? கல் நெஞ்சுக்காரன் என்று மனசுக்குள் திட்டித் தீர்த்தாள் மொரெனிகே.

மறுநாள் குருத்தோலையில் சுற்றிக் கொண்டு வந்தார். பிரித்தால், பனையெண்ணெய் வழியும் கரிய துண்டு. அதைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டார்.

“உதட்டை வெச்சுச் சொல்லணும். ‘நான் பண்ணல, யார் பண்ணாங்கன்னும் எனக்குத் தெரியாது.’ அவ்வளவுதான்” என்றார் முதலாளி.

“பூசாரிக்கு மட்டும் சலுகையா? முதல்ல நீங்க ஆரம்பிங்க!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஓகுன்டேலே அலட்டிக்கொள்ளவில்லை. தொட்டார், சொன்னார். பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். ஒருத்தி அழுதாள். இன்னொருவன் சிலுவை போட்டுக்கொண்டே தொட்டான்.

மொரெனிகேவின் முறை. குனிந்தவள் பாதியில் நின்றாள்.

“சொல்லும்மா, வரிசை நிக்குது” என்றார் ஓகுன்டேலே, அவள் முகத்தைப் பார்க்காமலே.

சொல்லிவிட்டாள்.

அன்றோடு போயிற்று அவள் நிம்மதி. கத்தியைத் தொடப் பயந்து வெங்காயத்தைக் கையாலேயே பிய்த்துப் போட்டாள். லிஃப்ட் ஆடினால் உயிர் போனது. மோட்டார் பைக் சத்தம் கேட்டாலே சுவரோரம் ஒதுங்கினாள். ராத்திரி தூக்கமில்லை, பகலில் சோறு இறங்கவில்லை.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே? காதல் கீதலா?” என்று தோழிகள் சீண்டினார்கள். 

இன்று காலை, அவள் ஏறிய மஞ்சள் வேனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. முன்னால் ஒரு டேங்கர் லாரி. டிரைவர் எப்படியோ ஒடித்துத் திருப்பி நடைபாதையில் ஏற்றினான். கண்ணாடி நொறுங்கி அவள் மடியில் கொட்டியது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. இது எச்சரிக்கைதான், அடுத்தது தப்பாது என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

நடந்தே ஆபீஸ் வந்து சேர்ந்தவள், நேராகச் சர்வர் அறைக்குள் புகுந்து ஓகுன்டேலேயின் முன்னால் மண்டியிட்டாள். தேம்பித் தேம்பி அழுதாள்.

“அண்ணே, நான்தான் பிடுங்கினேன்! இரும்பைத் தொட்டுப் பொய் சொல்லிட்டேன். இன்னைக்கு நான் வந்த வேனுக்குப் பிரேக்கே பிடிக்கல. ஏதாவது பரிகாரம் சொல்லுங்க. பலிக்கு ஆடு கேட்டா ஆடு, நாய் கேட்டா நாய். ஓகுன் கிட்ட பேசுங்கண்ணே, என்னைக் கொன்னுடுவாரு!”

அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

“கத்தாதே. எழுந்திரு முதல்ல. ஓகுன் உன்னை ஒண்ணும் பண்ணமாட்டார். நீ தொட்டது இரும்பே இல்ல.”

“பின்னே?”

“பழைய மெஷின்லேர்ந்து கழட்டின அலுமினியத் துண்டு. கரியும் எண்ணெயும் பூசினேன். அதுக்கும் ஓகுனுக்கும் சம்பந்தமே கிடையாது. இன்னைக்கு வேனுக்குப் பிரேக் போச்சுன்னா, டிரைவர் பிரேக் கட்டையை மாத்தலன்னு அர்த்தம்.”

மொரெனிகேவுக்கு ஒரு கணம் உலகமே லேசானது. அடுத்த கணம் சுள்ளென்று கோபம் வந்தது.

“செத்துச் செத்துப் பொழைச்சேனே! நீங்க கும்பிடற சாமி பேர்லயே பித்தலாட்டமா? இப்படிக் கூடவா ஒரு மனுஷன் பண்ணுவான்?”

ஓகுன்டேலே சிரிக்கவில்லை.

“அன்னைக்கு நீ கெட்டிலோட இங்கேர்ந்து ஓடினதை நான் பாத்துட்டேன்மா. நிஜ இரும்பைத் தொட்டு, ‘யாருன்னு தெரியாது’ன்னு என்னால சொல்லமுடியுமா?”