வெளுத்த படம்

“தாலியே கட்டலைனு சூடத்தை அடிச்சுச் சத்தியம் பண்றாருண்ணே.” நாகஜோதி கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். “நீங்க எடுத்த படம் ஒண்ணுதான் இனி எனக்குச் சாட்சி. அதுவும் இல்லைன்னா என் பேச்சு பொய்யாப் போயிரும்.”

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த ஸ்டூடியோவை சூசைமுத்து அப்போதுதான் திறந்திருந்தார். ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகும் ஜீப்பை விட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறாள் என்பது, அவள் தலையில் சுற்றியிருந்த துண்டிலும் விரல்களில் ஏறிய கறையிலும் தெரிந்தது.

“எங்கன நடந்துச்சு?”

“ஆத்தங்கரைக் கோயில்ல. தை மாசம், கடேசி முகூர்த்தத்தன்னைக்கு.”

அந்த நாள் அவருக்கு ஞாபகம் இருந்தது. முகூர்த்த நாளில் கேமராவோடு கோயிலில் போய் நின்றுகொள்வார். கேட்டாலும் கேட்காவிட்டாலும் தாலி கட்டும்போது ஒரு படம் எடுத்துவிட்டு, பிரிண்ட் வேணுமா என்று அப்புறம் விசாரிப்பது அவர் தொழில் பழக்கம்.

“அன்னைக்கு மட்டும் பதினோரு கல்யாணம் தாயி. உன்னது எதுனு எப்பிடிக் கண்டுபிடிக்க? என்ன கலர் சேலை கட்டியிருந்த?”

“அவரு வலது கையில வெள்ளிக் காப்பு போட்டிருப்பாருண்ணே. முறுக்குக் காப்பு.”

“புருசன் கையைத் தவிர வேற எதும் ஞாபகம் இல்லையாக்கும்” என்று சிரித்தார் சூசைமுத்து. அவள் சிரிக்கவில்லை. மறுகணம் அவர் சிரிப்பும் நின்றது.

“முறுக்குக் காப்பா? அவனா! படம் எடுத்ததும் ஓடியாந்து கேமராவைப் பிடிச்சுக்கிட்டான். எங்கண்ணு முன்னாடி அழிங்கனு ஒத்தக் கால்ல நின்னான். நானும் அழிச்சுட்டேன் தாயி.”

நாகஜோதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அழிச்சிட்டீகளா…” வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். “சாயங்காலம் மகளிர் ஸ்டேசனுக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்காக. படம் இருந்தாக் கொண்டானு சொன்னாக. எனக்குக் கிறுக்குனு ஊரையே நம்ப வச்சிட்டாருண்ணே. எங்காத்தாளே அவரு பக்கந்தான் பேசுது. இன்னைக்கும் வெறுங்கையோட போனா எனக்குப் போக்கிடமே இல்லை.”

சூசைமுத்து தண்ணீர் பாட்டிலை நீட்டினார். அவள் வாங்கவில்லை. பாட்டிலும் கையுமாக நின்றவர் திடீரென்று நெற்றியில் அடித்துக்கொண்டார்.

“ஏ தாயி, எந்திரி! அன்னைக்கு பிராக்கெட்டிங்ல போட்டிருந்தேன்!”

“என்னதுண்ணே?”

“அப்பத்தான் இந்த மிரர்லெஸ் கேமரா வாங்கியிருந்தேன். மண்டபத்துக்குள்ள இருட்டு, வாசல்ல வெயில். மாப்பிள்ளை வெயில்ல, பொண்ணு தூணு நிழல்ல. அந்த மாதிரி எடத்துல ஒரு அமுக்கு அமுக்குனா மூணு படம் விழுகிற மாதிரி வச்சுக்கிறலாம். ஒண்ணு அளவா, ஒண்ணு இருட்டா, ஒண்ணு வெளுப்பா. அளவா வந்ததைக் காட்டித்தான் அழிச்சேன். மத்த ரெண்டும் உள்ள கிடக்கும். அவன் என்னத்தைக் கண்டான்!”

கம்ப்யூட்டர் மெதுவாகத்தான் திறந்தது. தை மாதப் படங்களை அவர் உருட்ட உருட்ட, நாகஜோதி எழுந்து அவர் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள். யாரோ ஒருத்தர் மாலை, யாரோ ஒருத்தர் சிரிப்பு, அழுகிற குழந்தை ஒன்று.

பிறகு அந்த இருட்டுப் படம் வந்தது. மண்டபம் முழுக்கக் கரி பூசியது போல் இருந்தது. வெயில் விழுந்த இடம் மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஆணின் முகம், மஞ்சள் கயிறு, அதை முடிகிற கையில் முறுக்குக் காப்பு.

“அவருதான்.” நாகஜோதியின் குரல் உடைந்தது. “கட்டியிருக்காரு. கட்டியிருக்காருண்ணே.”

“அதான் கெடச்சிருச்சுல்ல, அழாத. இனி எந்தச் சாமி பேருல சத்தியம் பண்ணுவான்னு பாக்குறேன்.” சூசைமுத்துவுக்கும் கண் கலங்கியது. பிரிண்டரைப் போடப் போனவர் கையை எடுத்துக்கொண்டார். “இரு இரு. இதுல பொண்ணு முகம் கரியா இருக்கு. அது நீதான்னு ஸ்டேசன்ல எப்பிடி நம்புவாக? வெளுத்த படத்தைப் பாப்போம். நிழல்ல இருந்தது அதுல நல்லா தெரியும்.”

நாற்காலி முதுகைப் பிடித்திருந்த அவள் விரல்கள் இறுகின.

சூசைமுத்து அடுத்த படத்தைத் திறந்தார். வெயில் பட்டதெல்லாம் சுண்ணாம்பாக வெளுத்துப் போயிருந்தது. மாப்பிள்ளை இருந்த இடத்தில் வெறும் வெள்ளை. தூண் நிழலில் லேசாகக் குனிந்திருந்த பெண்ணின் முகம் மட்டும், நெற்றிப் பொட்டும் மூக்குத்தியுமாகத் தெளிவாக இருந்தது.

சூசைமுத்து திரையைப் பார்த்தார். திரும்பி நாகஜோதியைப் பார்த்தார். மறுபடியும் திரையைப் பார்த்தார்.

“தாயி… இது நீ இல்லையே?”

“எந்தங்கச்சிண்ணே. எனக்கும் அவருக்கும் பொறந்த பிள்ளைய அவகிட்டதான் விட்டுட்டு வந்திருக்கேன்.”